எதிர் ரிசார்ட்டில் டிஜே, எனக்கு பி.பி. ஏறுகிறது: என்ன செய்வது, டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 58. குமுளியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நாலு வருடமாக பி.பி.க்கு அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு எதிரே பள்ளம், அதற்கு அந்தப் பக்கம் ஒரு ரிசார்ட். போன சீசனிலிருந்து வெள்ளி, சனி இரவுகளில் புல்தரையில் டிஜே போடுகிறார்கள். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் முடிய ஒரு மணி ஆகிறது. பாட்டுகூட சரியாகக் கேட்பதில்லை. அந்த ‘டும் டும்’ மட்டும் நெஞ்சுக்குள் இடிக்கிறது, பீரோ கண்ணாடி அதிர்கிறது. இப்போது பாட்டு இல்லாத நாளிலும் 12 மணிக்கு முன் தூக்கம் வருவதில்லை. வியாழக்கிழமை 136/84 இருந்த பி.பி., திங்கள் காலை பார்த்தால் 152/94. மருந்துக்கடைத் தம்பி ஒரு தூக்க மாத்திரை கொடுத்தார், பாதி போடலாமா? காதில் பஞ்சு வைத்தும் பயனில்லை. இதனால் இதயம் கெடுமா? சின்ன வயதிலிருந்து கோயில் திருவிழாக் குழாய் ரேடியோவைக் கேட்டுக்கொண்டே தூங்கியவன் நான், இது மட்டும் ஏன் இப்படி? என் மகன் அந்த ரிசார்ட்டுக்குத்தான் ஜீப் ஓட்டுகிறான், சண்டை போடவும் முடியவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குமுளி

பதில்:

முதலில் மாத்திரை. போடாதீர்கள், பாதியும் வேண்டாம். நீங்கள் பெயர் எழுதவில்லை. சீட்டு இல்லாமல் இப்படிக் கைமாறுவது பெரும்பாலும் அல்பிரசோலமாக இருக்கும். அது எச்1 பட்டியல் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது, சீட்டுக்குத் தந்தாலும் கடைக்காரர் தனி ரிஜிஸ்டரில் எழுதி வைக்க வேண்டும். சரி, சட்டத்தை விடுங்கள். அதைப் போட்டுப் படுத்தவர் நடுராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்தால் கால் தள்ளாடும். மலைச்சரிவு வீடுகளில் குளியலறைக்கு இரண்டு படி இறங்கிப் போகிற அமைப்பு நிறைய உண்டு. அங்கே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஒரு வருடம் போய்விடும். அப்புறம், சில வாரங்களிலேயே பாதி போதாமல் முழு மாத்திரை ஆகும். ஏற்கெனவே தினமும் போட ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதற்கு நேரில் ஒரு டாக்டரைப் பாருங்கள். தூக்கத்துக்காக அலர்ஜி மாத்திரை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வயதில் புராஸ்டேட் வீங்கியிருந்தால் அது மூத்திரத்தையே அடைத்துவிடும்.

குழாய் ரேடியோ கேள்வி எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. கோயில் கூம்பு ஸ்பீக்கரில் வருவது கீச்சென்ற மேல்சுருதி. ஜன்னலைச் சாத்தினால் பாதி போய்விடும். டிஜே சப்‌வூஃபரில் வருவது 40, 60 ஹெர்ட்ஸ் அளவிலான அடித்தொனி. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை மட்டுமே ஐந்தரை மீட்டருக்கு மேல் நீளம், உங்கள் படுக்கையறையை விட நீளமாக இருக்கலாம். அதைச் சுவரும் கண்ணாடியும் தடுப்பது மிகக் குறைவு. பாட்டின் சொற்கள் பள்ளத்திலேயே தங்கிவிட, இடி மட்டும் வீட்டுக்குள் வருவது இதனால்தான். தகரக் கூரையும் பீரோக் கண்ணாடியும் அந்த அதிர்வில் தாங்களே சத்தம் போட ஆரம்பிக்கும். உங்கள் ஊரின் நில அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் படிந்து, அதற்கு மேல் சற்று வெதுவெதுப்பான காற்று நிற்கும். அப்போது ஒலி மேலே போய்ச் சிதறாமல் கீழ்நோக்கி வளையும். பகலில் அதே ஸ்பீக்கரை அதே அளவில் வைத்தால்கூட இவ்வளவு கேட்காது.

இன்னொன்றும் உண்டு. திருவிழா உங்களுடையது, எத்தனை மணிக்கு முடியும் என்று உங்களுக்குத் தெரியும், வேண்டுமென்றால் கமிட்டிக்காரரிடம் போய்க் குறைக்கச் சொல்லலாம். இது வெறும் மனசு சமாச்சாரம் இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே இரைச்சலை இரண்டு குழுக்களுக்குக் கேட்க வைத்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும், தாங்க முடியாவிட்டால் நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தான் உண்டு என்று சொல்லப்பட்டது. அதை அழுத்தாதவர்கள்கூட, பொத்தான் இல்லாதவர்களைவிட அதன்பின் வேலையை நன்றாகச் செய்தார்கள். உங்களிடம் பொத்தான் இல்லை. மகன் வேலை அங்கே என்பதால், இருந்தாலும் அழுத்த முடியாத நிலை. கோபத்தை விழுங்கிக்கொண்டு படுத்தால் தூக்கம் எப்படி வரும்?

இதயத்துக்கு வருகிறேன். தூங்கும்போதும் காது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். சத்தம் விழிப்பைத் தராவிட்டாலும் மூளை அதைக் கேட்டு அட்ரினலினை ஏற்றும், நாடித்துடிப்பு கூடும். ஐரோப்பிய விமான நிலையங்களை ஒட்டி வசிப்பவர்களிடம் நடந்த ஆய்வில், உறங்குபவர் மேல் விமானச் சத்தம் வந்துபோகும்போது மேல் அளவு பி.பி. சராசரியாக 6 மி.மீ. ஏறியது பதிவானது, அவர்கள் கண்ணைத் திறக்காமலே. சாதாரணமாக இரவில் பி.பி. பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். வருடக்கணக்கில் இறங்காமல் இருப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் விமானம் தினமும் பறக்கிறது, உங்கள் டிஜே வாரம் இரண்டு இரவு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து உங்களைப் பயமுறுத்த மாட்டேன். எனக்கு அதைவிட உறுத்துவது நேரம். ஆழ்ந்த தூக்கம் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் அதிகம். பத்து மணிக்குப் படுப்பவருக்கு அது ஒரு மணிக்குள் முடிந்துவிடும். சரியாக அந்த நேரத்தைத்தான் புல்தரைக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். காலை எட்டு வரை படுத்துக் கிடந்தாலும் அதை முழுதாக ஈடு செய்ய முடியாது.

இருந்தாலும் ஒரு கேள்வி கேட்கிறேன். டிஜே வெள்ளியும் சனியும், பி.பி. ஏறியிருந்தது திங்கள் காலை. நடுவில் ஞாயிறு ஒரு முழு இரவு சத்தமில்லாமல் போயிருக்கிறதே? ஆகவே பழி முழுவதையும் ஸ்பீக்கர் மேல் போட நான் தயாரில்லை. ஞாயிற்றுக்கிழமை மாத்திரை தவறியதா? கருவாடு, ஊறுகாய், அப்பளம் கூடியதா? பி.பி. பார்க்கும்போது கடைக்கு அவசரமாகப் படியேறி வந்து உட்கார்ந்த உடனே பார்த்தீர்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் பலமாகக் குறட்டை விடுவீர்களா, நடுவில் மூச்சு நிற்பது போல இருக்கிறதா என்று வீட்டம்மாவிடம் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருந்தால் பி.பி. மாத்திரைக்கு அடங்காது, ரிசார்ட்டைப் பூட்டினாலும் களைப்பு போகாது. அப்படிப்பட்டவருக்குத் தூக்க மாத்திரை இன்னும் ஆபத்து. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுந்தால் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

பாட்டு இல்லாத நாளிலும் தூக்கம் வராததுதான் இந்தக் கடிதத்தில் முக்கியமான வரி என்று நினைக்கிறேன். சத்தம் வெளியில் இருந்த வரை அது ரிசார்ட்டின் பிரச்சினை. இப்போது அது உங்கள் உடம்புக்குள் பழக்கமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமையும் படுத்தவுடன் காது கடைசி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல அந்த முதல் ‘டும்’முக்குக் காத்திருக்கிறது. இதற்கு மருந்தில்லாத வைத்தியம் இருக்கிறது, நன்றாகவே பலிக்கிறது. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்கைக்குப் போங்கள். இருபது நிமிடம் போல் ஆகியும் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், தூக்கம் வந்ததும் திரும்புங்கள். மணி பார்க்காதீர்கள், அறையில் கடிகாரமே வேண்டாம். எந்த நேரம் தூங்கினாலும் எழுவது ஒரே நேரம், ஞாயிற்றுக்கிழமையும்தான். கடையில் மதியம் கண் அயர்வது அரை மணிக்கு மேல் போகக் கூடாது. சாயங்காலத்துக்குப் பிறகு டீ வேண்டாம். குளிருக்கு டீ இல்லாமல் முடியாது என்பீர்கள், சுக்கு வெந்நீர் குடியுங்கள். “ஒரு பெக் போட்டால் தூக்கம் வருதே” என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது முதல் பாதியைத் தந்து, இரண்டாம் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும், பி.பி.யையும் ஏற்றும்.

டிஜே இரவுகளில் பஞ்சு உதவாது. பஞ்சு உருண்டை தடுப்பது சில டெசிபல்தான். மருந்துக்கடையிலோ ஆன்லைனிலோ கிடைக்கும் ஃபோம் காதடைப்பான் வாங்குங்கள். விரலால் மெல்லிய குச்சி போல் உருட்டி, மறுகையால் காது மடலை மேலே பின்னால் இழுத்துக்கொண்டு உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த அரை நிமிடத்தை விட்டுவிட்டுத்தான் “வாங்கினேன், பிரயோஜனம் இல்லை” என்கிறார்கள். காதில் சீழ் வடிந்தாலோ குறும்பி அடைத்திருந்தாலோ வைக்கக் கூடாது. இதுவும் அடித்தொனியை முழுதாக நிறுத்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் அந்த இரண்டு இரவும் படுக்கையைப் பள்ளத்தைப் பார்க்காத அறைக்கு மாற்றுங்கள். ஒரு டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்க்கத் திருப்பி ஓட விடுங்கள். காற்று உங்கள் மேல் படாது, ஆனால் அந்த ஒரே சீரான இரைச்சல் திடீர்த் திடீர் இடியைக் கொஞ்சம் மூடும். பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் பழைய போர்வையை மடித்துச் செருகினால் கண்ணாடி அதிர்வு குறையும். தடித்த திரைச்சீலைக்குப் பணம் செலவழிக்காதீர்கள், இந்த வகைச் சத்தத்துக்கு அது தண்டம்.

ஒரு நோட்டு போடுங்கள். டிஜே தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நீங்கள் தூங்கிய நேரம், காலையும் மாலையும் பார்த்த பி.பி. அளவு. மேல்கையில் கட்டும் மெஷினே போதும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். டிஜே உள்ள வாரம் ஒன்று, மழைக்காலத்தில் ஆளில்லாத வாரம் ஒன்று என்று இருந்தால் நல்லது. வீட்டில் பார்த்த சராசரி 135/85க்கு மேல் நின்றால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும், 24 மணி நேர பி.பி. பதிவும் எடுத்துப் பார்க்கலாம். நீங்களாக 5ஐப் பத்து ஆக்காதீர்கள், கால் வீங்கி வந்து நிற்பீர்கள்.

அதே நோட்டு இன்னொரு இடத்திலும் பேசும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பொது அவசர நிலையைத் தவிர்த்தால், விலக்கு மூடிய அரங்குக்கு உள்ளே மட்டும்தான். விழாக்களுக்கு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. வாராவாரம் வரும் சனிக்கிழமை அதில் சேராது. குடியிருப்புப் பகுதியில் இரவு அளவு 45 டெசிபல். “இது வணிகப் பகுதி” என்று வாதாடினாலும் 55தான். ஒரு நுணுக்கம்: அதிகாரி கொண்டுவரும் மீட்டர் வழக்கமாக ‘ஏ’ அளவையில் இருக்கும். அது 60 ஹெர்ட்ஸ் ஒலியை 25 டெசிபலுக்கு மேல் தள்ளுபடி செய்து காட்டும். எண் குறைவாக வந்தால் உங்களுக்குப் பிரமை என்று அர்த்தமில்லை. அடித்தொனியை அதிகம் குறைக்காத ‘சி’ அளவையிலும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மகனை மட்டும் தூது அனுப்பாதீர்கள், அவர் சோறு அங்கே. அக்கம்பக்கத்து நாலைந்து வீட்டுக்காரர்களாகச் சேர்ந்து, வார்டு மெம்பரைக் கூட்டிக்கொண்டு, பகல் வேளையில் மேனேஜரைப் பாருங்கள். ஸ்பீக்கரை மலைப்பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பார்கள். சப்‌வூஃபர் ஒலி எல்லாப் பக்கமும் பரவும், திருப்பிப் பயனில்லை. பத்து மணிக்கு நிறுத்தவோ ஹாலுக்குள் மாற்றவோ கேளுங்கள். மாதத்தின் டிஜே தேதிகளை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள், அது தெரிந்தாலே உங்கள் வியாழக்கிழமைத் தூக்கம் திரும்பும். அவர்களுக்கும் ஒரு சேதி: ஸ்பீக்கர் அருகில் 100 டெசிபல் என்றால் கால் மணி நேரமே காதுக்குத் தாங்கும் அளவு, அங்கே பரிமாறும் பையன்கள் நாலு மணி நேரம் நிற்கிறார்கள். கேட்கவில்லை என்றால் அந்த நேரத்திலேயே 112க்கு அழையுங்கள், பிறகு எல்லோரும் கையெழுத்திட்டுப் பஞ்சாயத்துக்கும் கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதுங்கள். தொடர்ந்து நடந்தால் ஆர்.டி.ஓ.விடம் போகலாம். பொதுத் தொல்லையை நிறுத்தச் சொல்லி உத்தரவிட, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு இடம் தருகிறது. மனுவோடு டாக்டர் சான்று வைக்கலாம். ஆனால் உங்களுக்கு பி.பி. இருக்கிறது, தூக்கம் கெட்டிருக்கிறது என்றுதான் எந்த டாக்டரும் எழுத முடியும், இன்ன ரிசார்ட்டால் என்று எழுத முடியாது. அந்த இடைவெளியை உங்கள் நோட்டுதான் நிரப்பும்.

நெஞ்சில் அந்த இடி பாட்டு நின்ற பிறகும் தொடர்ந்தால், நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ ஒரு பக்கக் கைகால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ வந்தால், அல்லது பி.பி. 180/120ஐத் தாண்டி இவற்றில் ஏதாவது சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவோடு இரவாக அருகில் அவசரப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், வண்டியை மகன் ஓட்டட்டும்.