லெவலிங் கிட் போட்டுவிட்டால் 35 இன்ச் டயர் உள்ளே போய்விடுமா?

பிக்கப், டயர், சஸ்பென்ஷன் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ஹூஸ்டனில் அலைன்மெண்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும்) கடை நடத்தும் நம் பத்தியாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என்னிடம் 2020 ஃபோர்டு எஃப்-150 சூப்பர்க்ரூ, நான்கு சக்கர இழுவை வண்டி இருக்கிறது. கம்பெனி ரிம், 275/65 ஆர்18 டயர் (அகலம் 275 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 18 இன்ச்). முன்பக்கம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பது பிடிக்கவில்லை. 2 இன்ச் லெவலிங் கிட் (முன்பக்கத்தை உயர்த்திப் பின்பக்கத்துக்குச் சமமாக்கும் சாமான்) போட்டு 35 இன்ச் டயர் மாட்ட ஆசை. "கிட் போட்டால் போதும், 35 தாராளமாகப் போகும்" என்கிறார் டயர் கடைக்காரர். கோடையில் 5,000 பவுண்டு டிரெய்லர் இழுப்பேன். என்ன சொல்கிறீர்கள்?
(வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்)

பதில்: கடைக்காரர் சொன்னது பாதி சரி. வண்டி கடை வாசலில் நேராக நிற்கும்வரை 35 போகும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது உரசுகிற சத்தம் கேட்கும். அப்போது கடைக்காரர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

முதலில், பின்பக்கம் உயர்ந்து நிற்பது கோளாறே இல்லை. எனக்கு ஊர் நாமக்கல். காலி லாரி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பதையும், லோடு ஏறியதும் கமான் பட்டை அமுங்கி வண்டி சமமாவதையும் பார்த்து வளர்ந்தவன். உங்கள் வண்டிக்கும் அதே கணக்குதான். 5,000 பவுண்டு டிரெய்லர் என்றால் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் 500 முதல் 750 பவுண்டு உட்காரும். முன்பக்கத்தைத் தூக்கிச் சமமாக்கிய வண்டி, டிரெய்லர் மாட்டியதும் மூக்கை வானத்துக்குக் காட்டும். 5,000-ஐத் தாண்டினால் அந்தப் பாரத்தை முன் சக்கரங்களுக்கும் பகிர்ந்து தரும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வேண்டும் என்று ஃபோர்டே சொல்கிறது. நீங்கள் அந்தக் கோட்டின் மேல் நிற்கிறீர்கள். டயருக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அந்த ஹிட்சை வாங்கிவிடுங்கள்.

இனி கிட். பெட்டியில் 2 இன்ச் என்று போட்டிருக்கும்; உள்ளே இருக்கும் துண்டு ஏறக்குறைய ஒரு இன்ச் கனம்தான் இருக்கும். ஏமாற்று இல்லை. ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) அடிப்பகுதி, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் கன்ட்ரோல் ஆர்மின் நடுவாக்கில் பிடித்திருக்கிறது. அதனால் ஸ்ட்ரட் தலையில் ஒரு இன்ச் வைத்தால் சக்கரத்திடம் சுமார் இரண்டு இன்ச் ஆகிறது.

ஆனால் கிட் வண்டியை உயர்த்துமே தவிர, டயருக்கு இடம் செய்து தராது. பள்ளத்தில் விழும்போது சக்கரம் மேலே எதுவரை வரும் என்பதை பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பு தீர்மானிக்கிறது. கிட் அதைத் தொடுவதில்லை. திரும்பும்போது டயர் முன்னால் பம்பர் மூலையையும், பின்னால் ஃபெண்டர் லைனரையும் (சக்கரக் குழியின் உள்பக்க மூடி) எவ்வளவு நெருங்கும் என்பது டயரின் உயரம், அகலம், ரிம்மின் ஆஃப்செட் (ரிம் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது) இவற்றைப் பொறுத்தது. அதையும் கிட் தொடுவதில்லை.

உங்கள் கம்பெனி ரிம் ஏழரை இன்ச் அகலம், ஆஃப்செட் +44 மில்லிமீட்டர். 35x12.50 டயர் ஏழரை இன்ச் ரிம்மில் ஒழுங்காக உட்காராது. உட்கார்ந்தாலும் உள்பக்கம் மேல் கன்ட்ரோல் ஆர்மை நெருக்கும். எனவே 9 இன்ச் ரிம், பூஜ்ய ஆஃப்செட் என்று கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். அப்போது ரிம்மின் வெளி விளிம்பு முன்பு இருந்ததைவிட 63 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை இன்ச், வெளியே தள்ளி நிற்கும். வெளியே தள்ளிய சக்கரம் திரும்பும்போது பெரிய வட்டம் போடும். அந்த வட்டத்தின் வழியில்தான் பம்பரும் லைனரும் இருக்கின்றன. அப்புறம் பிளாஸ்டிக்கை அறுப்பது, லைனரைப் பின்னுக்கு இழுத்துக் கட்டுவது, லைனருக்குப் பின்னால் இருக்கும் தகட்டு விளிம்பைச் சுத்தியலால் மடக்குவது என்று வேலை நீளும். ஆசை இருந்தால் செய்யலாம், செய்கிறவர்கள் நிறையப் பேர். "கிட் போட்டால் போதும்" என்பது மட்டும் உண்மை இல்லை.

நான் உங்களிடத்தில் இருந்தால் எல்.டி. (லைட் டிரக், அதாவது பாரம் தாங்கும் வகை) 275/70 ஆர்18 வாங்குவேன். இப்போது உங்கள் டயர் 815 மில்லிமீட்டர் உயரம், அதாவது 32 இன்ச். இது 842, அதாவது 33 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். அகலம் அதே 275, எனவே அதே ரிம்மிலேயே உட்காரும், வெளியே தள்ளாது. 2 இன்ச் கிட்டோடு வண்டி சரியாக நிற்கும். சில வண்டிகளில் முழு ஒடிப்பில் லைனர் லேசாக உரசும். அலைன்மெண்ட் செய்பவர் காஸ்டரை (திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கொஞ்சம் கூட்டிச் சக்கரத்தை முன்னால் நகர்த்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நான்கு டயருக்கும் பணம் கொடுக்குமுன் ஒன்றை மட்டும் முன்னால் மாட்டச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, நடைபாதை விளிம்பில் கோணலாக ஏற்றி, ரிவர்ஸிலும் எடுத்துப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

காற்று விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றழுத்தம் கம்பெனி மாட்டிய சாதாரண டயருக்கானது. எல்.டி. டயரில் அதே அழுத்தம் வைத்தால் அதே பாரத்தைத் தாங்காது. பெரும்பாலும் 40 பி.எஸ்.ஐ.-க்கு மேல் வரும். டயர் கம்பெனியின் பார அட்டவணையைப் பார்த்து வையுங்கள். டயர் பக்கவாட்டில் 80 என்று அச்சடித்திருப்பது உச்ச வரம்பு, தினசரி அளவு இல்லை. 80 வைத்து ஓட்டிவிட்டு "வண்டி குதிக்கிறது, ஷாக் போய்விட்டது" என்று என் கடைக்கு வருகிறவர்கள் உண்டு.

கிட்டிலும் தரம் பாருங்கள். மேலே வைக்கும் துண்டு மலிவு, வேலையும் சுலபம். செலவழிக்க முடியும் என்றால் பில்ஸ்டைன் 5100 மாதிரி, மாட்டும்போதே உயரத்தைத் தேர்ந்து வைக்கக்கூடிய ஷாக் நல்லது. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று போடாதீர்கள். போட்டால் பால் ஜாயிண்டும், முன் சக்கரத்தைச் சுற்றவைக்கும் சி.வி. ஆக்சிலும் சாய்ந்த கோணத்திலேயே வேலை செய்து சீக்கிரம் தேயும். கிட் மாட்டிய அன்றே அலைன்மெண்ட் செய்யுங்கள், "ஒரு வாரம் ஓட்டிவிட்டு" என்றால் டயர் ஓரம் போய்விடும். சக்கர நட்டு 150 பவுண்டு-அடி. 100 மைல் ஓடிய பிறகு மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

ஸ்டெப்னியும் அதே சைஸ் வாங்கிவிடுங்கள். பழைய சைஸ் ஸ்டெப்னியோடு நான்கு சக்கர இழுவையைப் போட்டால் முன் பின் ஆக்சில்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

இன்னொன்று. 35 போட்டால் 3.55 கியர் விகிதமுள்ள ஆக்சில் 3.27 மாதிரி நடந்துகொள்ளும், அதாவது இழுவை குறையும். டிரெய்லரோடு மேட்டில் ஏறும்போது கியர் மாறி மாறித் தடுமாறும். டிரெய்லர் இழுக்காதவருக்கு நான் இவ்வளவு தூரம் தடுத்துப் பேச மாட்டேன்.

கேள்வி: என் ராம் 1500-க்கு 2 இன்ச் லெவலிங் செய்தேன். அதிலிருந்து இரவில் எதிரே வருகிற எல்லோரும் ஹெட்லைட்டை அடித்துக் காட்டுகிறார்கள். நான் லோ பீமில்தான் ஓட்டுகிறேன். போலீஸ் பிடிக்குமா?
(வாசகர், சார்லட், வட கரோலினா)

பதில்: எதிரே வருகிறவர்கள் பாவம், அவர்கள் சொல்வது சரி. உங்கள் வண்டியின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் 145 இன்ச். முன்னால் 2 இன்ச் தூக்கினால் வண்டியே முக்கால் டிகிரிக்கு மேல் அண்ணாந்து பார்க்கிறது. 25 அடி தூரச் சுவரில் உங்கள் வெளிச்சம் முன்பைவிட 6 இன்ச் மேலே விழும். 100 அடியில் ஒன்றரை அடி மேலே. கார் ஓட்டுகிறவரின் கண் அங்கேதான் இருக்கிறது.

சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். லோ பீமின் மேல் வெட்டுக்கோடு டேப்புக்கு 2 இன்ச் கீழே வரும்படி விளக்கின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்புங்கள். என் கடையில் இப்படித்தான் வைக்கிறேன். முன்கண்ணாடிக் கேமராவை வைத்துத் தானாக பிரேக் பிடிக்கும் வசதி இருந்தால் அதையும் டீலரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் விஷயம்: உங்கள் மாநிலத்தில் 2021 டிசம்பரிலிருந்து, முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரைவிட 4 இன்ச்சோ அதற்கு மேலோ உயரும்படி வண்டியை மாற்றுவதற்குத் தடை இருக்கிறது. பின்பக்கம் உட்கார்ந்து முன்பக்கம் எம்பி நிற்கும் அந்த அலங்கோலத்துக்காக வந்த சட்டம். லெவலிங் அதில் வராது. கண்கூசும் விளக்குக்கு நிறுத்தினால் நான் பொறுப்பில்லை.

கேள்வி: சில்வராடோ 1500. கம்பெனி டயர் 265/65 ஆர்18. லெவலிங் செய்து 275/70 ஆர்18 போட்டேன். கேலனுக்கு 19 மைல் கொடுத்த வண்டி 17 மைல்தான் கொடுக்கிறது. டயர் இவ்வளவு சாப்பிடுமா?
(வாசகர், நோவை, மிச்சிகன்)

பதில்: சாப்பிடும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. புது டயர் 5 சதவீதம் பெரியது. வண்டிக்கு அது தெரியாது. மீட்டர் 100 மைல் என்று காட்டும்போது நீங்கள் 105 மைல் போயிருக்கிறீர்கள். அந்த 17-ஐத் திருத்தினால் கிட்டத்தட்ட 17.9 வரும். மிச்சம் போன ஒரு மைல் கனமான டயருக்கும், காற்றை வாங்கும் முன்பக்கத்துக்கும்.

மைலேஜைவிட வேகம்தான் எனக்குக் கவலை. மீட்டரில் 70 என்றால் நிஜத்தில் 73.5. டீலர் பெரும்பாலும் கம்பெனி சைஸ்களை மட்டும்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்; மற்ற சைஸுக்கு வெளியே கேலிப்ரேட்டர் (மீட்டர் கணக்கைத் திருத்தும் கருவி) விற்கிறார்கள். ஃபோர்டு வைத்திருப்பவர்கள் ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் மூலம் டயர் சுற்றளவை மில்லிமீட்டரில் தாங்களே மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: லெவலிங் கிட் போட்டதால் மொத்த வாரண்டியும் போய்விட்டது என்கிறார் டீலர். ஏசி வேலை செய்யவில்லை என்றுதான் போனேன்!
(வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: ஏசிக்கும் ஸ்ட்ரட்டுக்கும் என்ன உறவு என்று எழுத்தில் கேளுங்கள். 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, வெளிச்சாமான் மாட்டியதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. பழுதுக்கு அந்தச் சாமான்தான் காரணம் என்று காட்ட வேண்டும். நாளைக்கு சி.வி. ஆக்சில் போய் நின்றால் டீலர் கை ஓங்கும், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் அமெரிக்காவில் இல்லை. இசுசு வி-கிராஸ் வைத்திருக்கிறேன், 255/60 ஆர்18 டயர். கொடைக்கானல் பக்கம் தோட்டத்துக்குப் போய்வர லிஃப்டும் பெரிய டயரும் போடலாமா?
(வாசகர், தேனி)

பதில்: 265/60 ஆர்18 என்றால் விட்டம் 12 மில்லிமீட்டர்தான் கூடுகிறது, வண்டி தரையிலிருந்து 6 மில்லிமீட்டர் உயரும். அதில் எனக்குப் பயமில்லை. உயரம் கூட்டும் கிட் வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கின்றன. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்காமல் கைவைக்காதீர்கள். தோட்டத்து மண்பாதைக்கு உயரத்தைவிட நல்ல ஆல்-டெரெய்ன் டயர்தான் உதவும். மலைவளைவில் உயரம் கூடின வண்டி அதிகமாகச் சாயும் என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: சில்வராடோ 2500-இல் கிட் எதுவும் வாங்காமல், டார்ஷன் பாரின் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் உயர்கிறதே, அது போதாதா?
(வாசகர், சான் அன்டோனியோ)

பதில்: ஒரு இன்ச் வரை போதும், காசும் மிச்சம். அதற்கு மேல் திருகினால் சக்கரம் கீழே தொங்குவதற்கு இடம் குறைந்து, ஒவ்வொரு மேட்டிலும் டக் டக் என்று இடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு திருகுங்கள். திருகிய பின் அலைன்மெண்ட்.

கேள்வி: லெவலிங், 33 இன்ச் டயர் எல்லாம் முடிந்தது. வண்டி பிரமாதமாக இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரால்தான் ஏற முடியவில்லை. வீட்டில் பேச்சு வாங்குகிறேன்.
(வாசகர், கேட்டி, டெக்சாஸ்)

பதில்: முன்னால் சுமார் இரண்டரை இன்ச் உயர்த்திவிட்டு அவரை ஏறச் சொல்வது நியாயமா? வண்டித் தளத்தை ஒட்டி வரும் பளபளப்பான ரன்னிங் போர்டு வாங்காதீர்கள், அதுவும் உயரத்தில்தான் இருக்கும். கீழே தொங்கும் படி வைத்தது வாங்குங்கள். கதவைத் திறந்தால் தானாக இறங்குகிற மின்சாரப் படியும் கிடைக்கிறது. அவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள், அங்கே ஏறும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது.