கை உதறினா உதறட்டும்: மோகேப் (உடல் அசைவுப் பதிவு) பிழைகள் பற்றி சில கேள்விகள்

கேள்வி: அண்ணே, கானாடுகாத்தான்ல எங்க பழைய வீட்டுக்குள்ள அகச்சிவப்புக் கேமரா கட்டி, ஆடுறவங்க உடம்புல மார்க்கர் (ஒளியத் திருப்பி அனுப்புற சின்ன உருண்டை) ஒட்டி, கும்மியப் பதிவு பண்ணோம். தரைக்கு அடியில இன்னொரு புள்ளிக் கூட்டமும் சேர்ந்து ஆடுது. அழிச்சிரவா?

பதில்: அழிச்சிராதப்பா! உங்க தரையில இருக்கிற ஆத்தங்குடிக் கல்லைக் (டைல்) கண்ணாடி மேல வச்சுத்தான் வார்க்கிறாக, அந்தப் பளபளப்புல மார்க்கரோட பிம்பம் விழுது. கேமராவுக்கு நிஜம் எது, பிம்பம் எதுன்னு தெரியாது. ஜமக்காளம் விரிச்சா நின்னுரும். ஆனா கிடைச்சத விடாத. உயரம் பூஜ்யத்துக்குக் கீழ இருக்கிற புள்ளிகளை மட்டும் தனியா பிரி. மேல ஆடுறவங்களைச் சுத்தமா வச்சுக்க. கீழ உள்ளதை மூணு ஃபிரேம் தாமதமா ஓடவிடு. குனியும்போது உடம்பு மறைச்சு சில புள்ளி காணாமப் போகும், அந்த ஓட்டையை அடைக்காத. அதுலதான் உயிர் இருக்கு.

கேள்வி: சென்சார் சூட் (அசைவை அளக்கிற கருவிகள் வச்ச உடுப்பு) போட்டு நடந்தா வளவுல (வீட்டு நடுமுற்றத்துல) சரியா வருது. இரும்புத் தூண் பக்கம் போனதும் இடுப்பு தானா திரும்பிக்குது. சூட் கெட்டுப்போச்சா?

பதில்: சூட் நல்லாத்தான் இருக்கு. அதுல இருக்கிற காந்தமானி பூமியோட காந்தப்புலத்த வச்சுத் திசை பார்க்குது. பக்கத்துல இரும்பு இருந்தா ஏமாந்துரும். அதே பாதையில திரும்பத் திரும்ப நடந்து பாரு, ஏறக்குறைய அதே இடத்துலதான் முறுக்கும். அப்ப ஆளை மறைச்சுட்டு, முறுக்குற இடத்துல மட்டும் கோடு வரை. வீட்டுல இரும்பு எங்கெங்க நிக்குதுன்னு உடம்பே வரைஞ்சு காட்டும்.

கேள்வி: சிலம்பத்துல முழங்கை ஒரே ஃபிரேம்ல வெட்டிக்கிட்டு குதிக்குது.

பதில்: அனிமேஷன் மென்பொருள்ல அசைவைக் கோடா காட்டுற கிராஃப் எடிட்டர்ல பாரு. 180 டிகிரி போய் டக்குனு மைனஸ் 180க்கு விழுந்திருக்கும். ரெண்டும் ஒரே நிலைதான், எண்தான் வேற. ஆனா மென்பொருள் ஒரு எண்ணுல இருந்து இன்னொன்னுக்கு முழு வட்டம் சுத்திப் போகுது, அதான் குதிக்கிற மாதிரி தெரியுது. இந்த எண் தாவலைச் சரிபண்ற ஆய்லர் ஃபில்டர் போட்டா சரியாயிரும். போடாம, அந்த ரெண்டு கீக்கும் (எண் பதிஞ்ச புள்ளிக்கும்) நடுவுல பத்து ஃபிரேம் இடம் விட்டுப் பாரு. முன்கை முழு வட்டம் சுத்தும். கம்பு வீச்சுக்கு அருமையாப் பொருந்தும்.

கேள்வி: இவ்வளவு பாடு எதுக்கு? மென்பொருள்ல தானா நடுக்கம் சேர்க்கிற நாய்ஸ் மாடிஃபையர் போட்டா உதறுமே?

பதில்: உதறும். எல்லார் படத்துலயும் ஒரே மாதிரி உதறும்.

கேள்வி: எங்க ஆச்சி ஆடினதைப் பதிவு பண்ணேன். கழுத்து திரும்பிக்கிட்டதைப் பார்த்துட்டு, "என்னைய ஏன்டா இப்படிப் பண்ணி வச்சிருக்க"ன்னு கோவிச்சுக்கிட்டாக.

பதில்: கோவம் நியாயந்தான். அந்த டேக்க ஆச்சி சரின்னாத்தான் வெளிய விடணும். வேணாம்னா, நீயே சூட்டப் போட்டுக்கிட்டு ஆடு.