கேளுங்கள், பழைய ஏர்மேன் பதில் சொல்கிறார்

கே: விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்தீர்களே, உங்கள் மனதில் நிற்கும் போர் விமானி யார்? (வாசகர், உசிலம்பட்டி)

ப: நான் பார்த்தே இராத ஒருவர். ஸ்க்வாட்ரன் லீடர் தேவய்யா, குடகுக்காரர். 1965 இந்திய-பாகிஸ்தான் போர். செப்டம்பர் 7 அன்று, பஞ்சாபில் உள்ள ஆதம்பூரிலிருந்து நம்முடைய மிஸ்டியர் போர் விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கக் கிளம்பின. தேவய்யா அன்று மாற்று ஆள்தான். ஒருவர் போக முடியாமல் நிற்க, அந்த இடத்துக்கு இவர் போனார்.

தாக்கிவிட்டுத் திரும்பும்போது பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒன்று துரத்தியது. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் போகிற விமானம். மிஸ்டியர் அதன் பக்கத்தில்கூட வராது. குண்டடிபட்ட பிறகும் தேவய்யா விடவில்லை, அதன் மேலேயே பாய்ந்தார். ஸ்டார்ஃபைட்டருக்கு இறக்கை இரண்டு பக்கமும் சேர்த்து 22 அடிதான். தாழ வந்து வேகமும் குறைந்துவிட்டால் சட்டென்று வளைந்து திரும்ப அதற்கு முடியாது. மாசி வீதிக்குள் லாரியும் சைக்கிளும் ஓடிப்பிடித்து விளையாடினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். ஸ்டார்ஃபைட்டர் விழுந்தது, அதன் விமானி அம்ஜத் ஹுசைன் பாராசூட்டில் பிழைத்தார். தேவய்யா வரவில்லை.

கூடப் போனவர்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை. 1979ல் வெளிநாட்டவர் ஒருவர் எழுதிய நூல் வந்த பிறகுதான் இங்கே விவரம் தெரிந்தது. போர்க்கள வீரத்துக்கான மகாவீர் சக்ரா விருது கிடைத்தது 1988ல். 23 வருடம்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் வேலையில் ஃபாரம் 700 என்று ஒரு ஏடு உண்டு. விமானத்தை எடுக்கும் முன் விமானி அதில் கையெழுத்துப் போடுவார். இறங்கி வந்து, கோளாறு ஏதும் இருந்தால் எழுதி, மறுபடி கையெழுத்து. நாங்கள் ரன்வேயைப் பார்த்துக்கொண்டு நிற்பதெல்லாம் அந்த இரண்டாவது கையெழுத்துக்காகத்தான். அன்று ஆதம்பூரில் அவருடைய ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்ற பையன் யாரோ, அவனைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கே: என் பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். போர் விமானி ஆக முடியுமா? (வாசகி, ஒத்தக்கடை)

ப: ஆகலாம் தாயி. இயற்பியலும் கணக்கும் எடுத்திருக்கிறாளா என்று பாருங்கள். யூபிஎஸ்சி நடத்தும் என்டிஏ (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வை இப்போது பெண்பிள்ளைகளும் எழுதுகிறார்கள். அப்புறம், கையும் கண்ணும் ஒத்து வேலை செய்கிறதா என்று பார்க்க விமானிகளுக்குத் தனியாக ஒரு தேர்வு உண்டு. அதை ஆயுளுக்கு ஒரே தடவைதான் எழுத விடுவார்கள். முதல் நாள் ராத்திரி வீட்டில் சீரியல் சத்தம் வேண்டாம், சரியா?