கேள்வி நேரம்: புள்ளிக் கணக்கு இல்லாத சமயமா பௌத்தம்?

நகரத்தார் எங்களில் கல்யாணம் ஆனதும் தம்பதி ஒரு புள்ளி. கோயில் கணக்கில் ஏறிவிடுவோம். பௌத்தத்தில் ஒருவர் எப்படிச் சேர்கிறார்? சேர்ந்த பின் பிள்ளையார்பட்டிக்குப் போகலாமா?
– வாசகி, காரைக்குடி

இல்லறத்தாருக்கு அங்கே புள்ளியும் இல்லை, வரியும் இல்லை. ஞானஸ்நானம் பெற்றவர் பெயர் தேவாலயப் பதிவேட்டில் ஏறும். கலிமா சொன்னவர் வேறு தெய்வத்தை வணங்க முடியாது. பௌத்தத்தில் பிக்குவின் முன் அமர்ந்து, 'நமோ தஸ்ஸ' வணக்கத்தை மூன்று முறை சொல்லி, புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் மும்மூன்று முறை சரணடைய வேண்டும். பிறகு கொலை, களவு, தகாத காமம், பொய், மது ஆகியவற்றை விலக்கும் ஐந்து சீலங்கள். இவை தெய்வக் கட்டளைகள் அல்ல. 'இப்பயிற்சியை ஏற்கிறேன்' என்றுதான் பாலி வாசகமே சொல்கிறது. சீலம் தவறினால் யாரும் ஒதுக்கிவைப்பதில்லை, மறுபடி ஏற்கலாம். இலங்கையில் போயா என்ற முழுநிலா நாள்தோறும் பழைய பௌத்தர்களே திரும்ப ஏற்கிறார்கள்.

உபாலி என்ற செல்வர் நிகண்டரின், அதாவது மகாவீரரின், அடியார். நாளந்தாவில் புத்தரோடு வாதிடப் போய், அவரிடமே சரணடைய நின்றார். "நன்றாக ஆராய்ந்து முடிவெடுங்கள்" என்று புத்தர் நிறுத்தினார். உபாலி உறுதியாக நின்றதும், "உங்கள் வீடு நெடுங்காலம் நிகண்டர்களுக்கு (சமணத் துறவிகளுக்கு) நீர்த்துறையாக இருந்தது, அவர்கள் வந்தால் சோறிட மறவாதீர்கள்" என்றார். வந்தவரைப் பழைய உறவிலிருந்து பிய்த்தெடுக்காத இந்தப் பண்பைத்தான் பௌத்தத்தின் திறந்த தன்மை என்று நான் மதிக்கிறேன்.

பிள்ளையார்பட்டிக்கு வருவோம். இலங்கை பௌத்தர்கள் கதிர்காமத்து முருகனிடம் நேர்ந்துகொள்கிறார்கள்; விடுதலைக்கு மட்டும் புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணியே சரண் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் ஏற்ற 22 உறுதிமொழிகளில் மூன்றாவது, கௌரி, கணபதி வழிபாட்டை வெளிப்படையாகவே விலக்குகிறது. அந்த வழியில் சேர்ந்தால் போக முடியாது. அம்பேத்கர் வழியினருக்குப் பழைய சமயத்தை விட்டு வெளியேறுவதே விடுதலை. பிறப்பைச் சொல்லிக் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் முடிவு அது. எந்த வழியில் சேர்கிறோம் என்பதை முதலிலேயே கேட்டுத் தெளியுங்கள். குழப்பமெல்லாம் இங்கேதான் வருகிறது.

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் பௌத்தர்களுக்கும் பொருந்தும். புள்ளி நிலைக்குமா என்பது உங்கள் கோயில் நகரத்தார் சொல்ல வேண்டியது.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் பிக்கு ஆகிவிடலாமா?
– வாசகர், தேவகோட்டை

முடியாது. இல்லறத்தாருக்குத் திறந்த வீடு, துறவியர் சங்கத்துக்குத் தாழ்ப்பாள் உண்டு. முழுத் துறவுக்கு 20 வயது (கருவில் இருந்த மாதங்களும் சேரும்), பெற்றோர் சம்மதம், சொந்தப் பாத்திரம், சீவர ஆடை வேண்டும். அரசுப் பணியிலிருப்பவரும் கடன்பட்டவரும் ஆகாது. கடன்காரன் ஒருவன் துறவிக் கோலத்தில் தப்பித்து, கொடுத்தவர்கள் முறையிட்ட பிறகு வந்த விதி அது. வட்டிக்கடை நடத்திய ஊருக்கு நியாயம் எளிதில் புரியும். புத்தர் உலவிய கங்கைச் சமவெளியான மத்திய தேசத்தில் பத்துப் பிக்குகள், எல்லைப் பகுதிகளில் ஐவர் கூடித்தான் சேர்க்க முடியும். வேறு சமயத் துறவி வந்தால் நான்கு மாதம் சோதனைக் காலம். வெளியேறுவதோ எளிது: புரிந்துகொள்ளும் ஒருவரிடம் விலகுகிறேன் என்று சொன்னால் போதும்.

விதியில் இல்லாத தாழ்ப்பாளும் பின்னால் வந்தது. 1753இல் இலங்கையில் தொடங்கிய சியாம் நிகாயம் என்ற துறவியர் பிரிவு, வேளாள சாதியான கொவிகமவினரை மட்டும் சேர்த்துக்கொள்ளும்படி ஆயிற்று. மறுக்கப்பட்ட சாதியினர் பர்மாவின் அமரபுரத்துக்குக் கப்பலேறித் துறவு பெற்று, 1803இல் திரும்பித் தனி நிகாயம் கண்டார்கள். சாதியே தெரியாத சமயம் என்று பௌத்தத்தைப் புகழ்பவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

பர்மாவிலிருந்து ஐயா கொண்டுவந்த, கோபுர மூடி போட்ட சிவப்பு மரவை எங்கள் வீட்டில் இருக்கிறது. பூஜைப் பாத்திரமா?
– வாசகி, கானாடுகாத்தான்

விகாரைக்குச் சோறு கொண்டுபோகும் பாத்திரம். பர்மியர் 'ஸூன் ஓக்' என்பார்கள். மூடியைத் தூக்கினால் உள்ளே கறிவகை வைக்கும் தட்டு இருக்கும். சோறிடும் கை எந்தச் சமயத்துக் கை என்று பிக்கு கேட்பதில்லை. அடியில் இருப்பது மூங்கில் பின்னல், மேலே மரப்பால் அரக்குப் பூச்சு. நீரில் ஊறவிட்டால் மூங்கில் உப்பி அரக்கு வெடிக்கும், வெயிலிலும் வைக்காதீர்கள். ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, நிழலில் வையுங்கள்.