யாருமே ஊசி போடாத யானைக்கு மருந்தெதிர்ப்பு எப்படி வரும்?

‘காட்டு விலங்குகளுக்கு யாரும் ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லையே, பிறகு அவற்றின் குடலிலுள்ள பாக்டீரியா மட்டும் எப்படி மருந்தை எதிர்க்கிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நகரவாசியாக இருக்க வேண்டும். பவானிசாகர் அணையோரம் மாடு வளர்ப்பவருக்கு இந்தச் சந்தேகம் வராது. நான் மருத்துவரல்லன், பட்டதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கட்டுத்தரையில் ஒரு கலப்பின மாட்டுக்கு மடிநோய் கண்டது. மருத்துவர் ஐந்து நாளுக்கு ஊசி எழுதினார். மூன்றாம் நாளே வீக்கம் வற்றிவிட்டதால் நிறுத்திவிட்டு, மிச்சக் குப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டேன். மருந்து கலந்த பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாமல் ஓடையில் கொட்டியதில் எனக்குப் பெருமை வேறு. அந்த ஓடை அணைக்குத்தான் போகிறது. கோடையில் யானைகள் இறங்குவதும் எங்கள் மாடுகள் மேய்வதும் அதே நீர்ப்பரப்பில்தான்.

நான்கு மாதம் கழித்து மடிநோய் திரும்பியபோது, அதே மருந்து கேட்கவில்லை. பாலைச் சோதனைக்கு அனுப்பினோம். ஆய்வகத்தில் அந்தப் பாலின் கிருமியை வளர்த்த கண்ணாடித் தட்டைக் காட்டினார்கள்: வெவ்வேறு மருந்தில் தோய்த்த ஆறு காகித வில்லைகளில் மூன்றைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம், மற்ற மூன்றில் கிருமி பாலாடைபோல வில்லையின் விளிம்புவரை படர்ந்திருந்தது. அந்த மூன்றில் ஒன்று நான் பாதியில் நிறுத்திய மருந்து.

மாட்டுக்குப் போட்ட மருந்தில் ஒரு பகுதி சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியேறுகிறது. மருந்துக்குத் தப்பிய பாக்டீரியாவும் சாணத்தோடு வருகிறது. நோய்க்கிருமியே யானைக்குள் போக வேண்டியதில்லை. பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையம் ஓர் இனப் பாக்டீரியாவிலிருந்து வேறோர் இனத்துக்குக் கைமாறும். குடலில் சும்மா கிடக்கும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கும் எதிர்ப்பு அப்படி வந்துவிடலாம்.

என் மாட்டிலிருந்துதான் யானைக்குப் போயிற்று என்று நான் சொல்லவில்லை. மண்ணின் நுண்ணுயிர்களிலேயே பல ஆன்டிபயாடிக் சுரப்பவை. 30,000 ஆண்டுப் பழமையான உறைமண்ணிலும் எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்திருக்கின்றன. எல்லாம் மனிதன் செய்ததே என்று எழுதினால் விவரமறிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், அதுவும் நியாயமே. ஆனால் மாட்டு மருந்து காட்டுக்குள் போகும் வழி புதிதன்று: மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று எஞ்சியிருக்கும், செத்த மாட்டைத் தின்னும் பாறுக் கழுகுகளின் இனத்தை நாடெங்கும் பெருமளவு அழித்தது, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து. கால்நடைகளுக்கு அதை 2006இல் தடை செய்தார்கள். கோழி, மாடுகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதை 2019இல் தடுத்தார்கள்.

குற்றத்தை விவசாயி தலையில் மட்டும் கட்டுபவர்கள், சளிக்குச் சீட்டில்லாமல் தாங்கள் வாங்கி விழுங்கும் மாத்திரைகளையும் எண்ணிப் பார்க்கட்டும். எனக்கும் மிச்சக் குப்பியைப் பற்றி எந்தக் கடைக்காரரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது மருந்துப் பாலை ஓடைக்கு எட்டாத மேட்டில் குழி வெட்டி ஊற்றுகிறேன்.