சாம்பல் சத்தும் சோடியமும்

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்களுக்கு ஆறு மா நிலம். மகள் பதினொன்றாம் வகுப்பு. தனிம வரிசை அட்டவணையை வைத்துக்கொண்டு, "இடமிருந்து வலம் போனால் அணு சிறுக்கும், மேலிருந்து கீழே வந்தால் பெருக்கும்" என்று ராகம் போட்டுப் படிக்கிறாள். வலப்பக்கம் போகப் போக எலக்ட்ரான் கூடுகிறதே, அணு பெருக்கத்தானே வேண்டும் என்று கேட்டேன். "காரணமெல்லாம் பரீட்சைக்கு வராதுப்பா" என்கிறாள். உர மூட்டையில் இருக்கும் தழை, மணி, சாம்பல் தவிர எனக்கு வேதியியல் தெரியாது. இதற்குக் காரணம் உண்டா, வெறும் மனப்பாடம்தானா?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் கேட்டதுதான் அந்தப் பாடத்தின் முதல் கேள்வி. அதைக் கேட்காமல் யாரும் பக்கத்தைப் புரட்டக் கூடாது.

எலக்ட்ரான் ஒவ்வொன்றாகக் கூடும்போது அணுக்கருவில் புரோட்டானும் ஒவ்வொன்றாகக் கூடுகிறது. சோடியத்துக்கு 11 புரோட்டான், அதே தொடரில், அதாவது கிடை வரிசையில், இருக்கும் குளோரினுக்கு 17. எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும், அந்த அடுக்குக்குத்தான் கூடு என்று பெயர். ஆனால் புதிதாக வரும் எலக்ட்ரான்கள் எல்லாம் அதே மூன்றாம் கூட்டில்தான் சேருகின்றன. ஒரே கூட்டில் இருப்பவை கருவின் இழுப்பை ஒன்றுக்கொன்று பெரிதாக மறைப்பதில்லை. கருவின் இழுப்பு ஏறுகிறது, கூடு மாறவில்லை. அதனால் அணு சுருங்குகிறது. சோடியத்தின் ஆரம் 186 பிகோமீட்டர் (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிகோமீட்டர்), குளோரினுடையது 99. கிட்டத்தட்ட பாதி! கீழே இறங்கும்போது படிக்கு ஒரு புதுக் கூடு சேருகிறது, அணு பெருக்கிறது. அவ்வளவுதான்.

இனி செங்குத்து வரிசை, அதாவது தொகுதி. கூடு கூடாக எலக்ட்ரான்களை எண்ணினால் லித்தியம் 2, 1. சோடியம் 2, 8, 1. பொட்டாசியம் 2, 8, 8, 1. மூன்றுக்கும் கடைசிக் கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான். மூன்றும் அதை உதறிவிடவே பார்க்கும். கீழே போகப் போக அது கருவைவிட்டுத் தள்ளியிருப்பதால் பறிப்பது எளிது. அதற்குத் தேவையான ஆற்றல் இதே வரிசையில் ஒரு மோலுக்கு (அணுக்களை எண்ணும் ஒரு அளவு) 520, 496, 419 கிலோஜூல். தண்ணீரில் போட்டால் லித்தியம் மெதுவாக நுரைக்கும், சோடியம் உருகி உருண்டையாகி ஓடும், பொட்டாசியம் ஊதாச் சுடரோடு பற்றிக்கொள்ளும்.

எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பது 1897-இல்தான் தெரிந்தது. அதற்கு முன்பே, 1869-இல், ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் இந்தக் குடும்ப ஒற்றுமையை நம்பி அட்டவணையில் காலி இடம் விட்டார். அலுமினியத்துக்குக் கீழே வரவேண்டிய ஒன்று 1875-இல் பிரான்சில் கிடைத்தது, அதுதான் காலியம். கண்டுபிடித்தவர் அடர்த்தி 4.7 என்றார். 5.9 அளவில் இருக்க வேண்டும் என்றார் மெண்டலீவ், அதைக் கண்ணால்கூடப் பார்க்காமல். சுத்தப்படுத்தி மறுபடி அளந்தார்கள், 5.9 வந்தது. ஒவ்வொரு முறை இதை நினைக்கும்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, உங்கள் வயலுக்கு வருவோம். நீங்கள் சொன்ன சாம்பல் சத்துதான் பொட்டாசியம். அட்டவணையில் அதற்கு நேர் மேலே சோடியம். இரண்டும் ஒரு எலக்ட்ரானை விட்டுவிட்டால் ஒரே மின்சுமையோடு நிற்பவை. அதனால்தான் உப்பேறிய மண்ணில் நெல்லின் வேர் தடுமாறுகிறது. சாம்பல் சத்து போகும் வழியில் சோடியமும் நுழைந்துவிடுகிறது.

களர் நிலத்தில் இதே சோடியம் களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைப் பிரித்துவிடுகிறது. தண்ணீர் கீழே இறங்காது, காய்ந்தால் மேல்மண் ஓடு கட்டும். அதற்கு ஜிப்சம் போடுகிறோம். ஜிப்சத்தில் இருப்பது கால்சியம், அட்டவணையில் பொட்டாசியத்துக்கு வலப்பக்கம் அடுத்த கட்டம், அணு எண் 20. இரண்டாம் தொகுதி என்பதால் இரண்டு எலக்ட்ரானை இழந்து இரட்டை மின்சுமையோடு வருகிறது. எதிர்மின்சுமை உள்ள களிமண்ணை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சோடியத்தைத் தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறது.

மகளோடு சேர்ந்து செய்து பாருங்கள். நான் ஒரு முறை இரண்டு டம்ளரில் களர் மண்ணைக் கரைத்து, ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் ஜிப்சம் கலந்து வைத்தேன். ஜிப்சம் போட்டது மதியத்துக்குள் தெளிந்து, மண் அடியில் தங்கிவிட்டது. மற்றது மறுநாள் காலையிலும் டீ மாதிரி கலங்கியே இருந்தது. அப்புறம் ஒன்று: மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரில்தான் இப்போது சோடியம் இருக்கிறது. வயலில் ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டியபின் வடிகாலைத் திறந்துவிடச் சொல்வது அதற்காகத்தான்.