எக்ஸ்-ரே படித்த பிறகு?

கேள்வி: வெளிநாட்டு உதவியை அமெரிக்கா வெட்டிவிட்டது. அதனால் என்ன, ஏழை நாடுகளுக்கு இனி ஏ.ஐ. இருக்கிறது, ஒரு போன் போதும் என்கிறார்களே?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: போன் போதுமா? 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது நம் குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை மீனவர்களிடம் போன் இல்லாமலா இருந்தது? பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போன போட்டுகளுக்கு சிக்னல் எட்டவில்லை. ஏ.ஐ. தரும் புயல் கணிப்பு எவ்வளவு கூர்மையானாலும், அதை நடுக்கடலில் வாங்கிச் சொல்ல போட்டில் ஒரு சாட்டிலைட் கருவி வேண்டும். அதற்குக் காசு வேண்டும்.

காசநோயைப் பாருங்கள். நெஞ்சு எக்ஸ்-ரேயை ஏ.ஐ. படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே பரிந்துரைத்தது, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. ரேடியாலஜிஸ்டே இல்லாத ஊரில் இது பெரிய காரியம். ஆனால் அது தருவது, காசநோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் ஒரு மதிப்பெண். எத்தனைக்கு மேல் போனால் சளியைச் சோதிப்பது என்று அந்தந்த ஊர் நோயாளிகளை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். பழைய டி.பி. ஆறிய தழும்பு இருந்தாலும் மதிப்பெண் எகிறும். வரம்பைக் குறைத்தால் சோதனை குவியும், கூட்டினால் நோயாளி நழுவிவிடுவார். சோதனைக்கு ஆளுக்கொரு சிபிநாட் கார்ட்ரிட்ஜ், அதாவது சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் குப்பி. அதை 28 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. நாகர்கோவில் மே மாதத்துக்கே ஏ.சி. வேண்டும். நோய் உறுதியானால் ஆறு மாதம் தினமும் மாத்திரை: இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. இருமல் நின்றதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், கிருமி மருந்துக்கு மசியாமல் போகும். அதனால்தான் வீடு தேடிப் போய்க் கேட்க ஓர் ஊழியர். 2025-ல் உதவி வெட்டப்பட்டதும் பல நாடுகளில் அடிவாங்கியது இந்த மாத்திரையும் சோதனையும் ஊழியர் சம்பளமும்தான். எக்ஸ்-ரேயைப் படிக்கிற மென்பொருள் இதில் எதைக் கொடுக்கும்?

2020-ல் மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவில் செயற்கைக்கோள் படத்தையும் போன் பயன்பாட்டையும் வைத்து ஏழைகளைக் கணினி அடையாளம் காட்டியது. நல்ல வேலை. அப்படிக் கண்டுபிடித்தவர்களுக்குப் போன பணம் வெளிநாட்டு நன்கொடை.

உதவி என்று வந்ததெல்லாம் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். 1950-களில் நார்வே உதவியில் கேரளத்தின் நீண்டகரைக்கு இயந்திரப் படகு வந்தது. பிறகு இறால் ஆசையில், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலைகள் பெருகி, கட்டுமரக்காரர்களோடு மூண்ட சண்டை நம் கரையிலும் இன்னும் ஓயவில்லை. தமிழ்நாட்டின் 1983 கடல் மீன்பிடிச் சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. ஏ.ஐ.க்கு வேலை தேடுகிறவர்கள் முதலில் அந்தக் கரையோரக் கடலைக் கண்காணிக்கட்டும்.